வண்டி விற்றவருக்குக் கையில் ஏதாவது கொடுக்க வேண்டுமா? காரைக்குடி ஷோரூம் ஒன்றின் சேவை பற்றி

காரைக்குடியில் திருச்சி சாலைப் பக்கம் உள்ள ஒரு கார் ஷோரூமில் அண்மையில் வீட்டுக்கென்று புது வண்டி எடுத்தோம். வண்டியின் நிறைகுறைகளைச் சொல்ல இன்னும் சில ஆயிரம் கிலோமீட்டர் ஓட வேண்டும் என்பதால், இங்கே எழுதுவது ஷோரூமின் சேவையைப் பற்றி மட்டும். வண்டி வீட்டுக்கு வந்தபின் உறவினரும் நண்பரும் மைலேஜைவிட அதிகமாகக் கேட்டது, விற்றுக் கொடுத்தவருக்கு என்ன கொடுத்தீர்கள் என்பதைத்தான். ஒன்றும் கொடுக்கவில்லை என்றால் கஞ்சத்தனமாகவும், கொடுத்தோம் என்றால் ஏமாளித்தனமாகவும் படுகிற கேள்வி அது. விற்பனைப் பிரதிநிதியின் வருமானம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் கேள்வியில் பாதி தானாகக் கரைந்துவிடும் என்பது என் கருத்து.

ஷோரூமின் பெயரை எழுதவில்லை. எழுதினால் எங்களைக் கவனித்தவர் யார் என்பது எளிதில் தெரிந்துவிடும். தம் சம்பளக் கணக்கை அவர் மனம்விட்டுப் பேசியதை நிர்வாகம் ரசிக்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

இடவசதி, வண்டி நிறுத்தும் வசதி, வரவேற்பு எல்லாம் இந்த அளவு ஊருக்குத் தாராளம். வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் பணியாளர்கள் நாற்காலியில் உட்கார்ந்திருந்ததைக் குறிப்பிட வேண்டும். கடை ஊழியர்களுக்கு இருக்கை வசதி தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் வந்த பிறகும், நாள் முழுவதும் நிற்க வைக்கும் கடைகளை நம் கடைவீதிகளில் காண்கிறோம். சோதனை ஓட்டத்துக்குக் குன்றக்குடி பக்கம் போய்வர அனுமதித்தார்கள். அப்பச்சிக்கு, அதாவது என் அப்பாவுக்கு, முழங்கால் வலி என்றதும், அவர் ஏறி இறங்கிப் பார்ப்பதற்காக வண்டியை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தார்கள். செட்டிநாட்டுப் பகுதியில் இது வெறும் உபசாரம் அன்று, தொழில் தேவை. வீடு கானாடுகாத்தானிலும் கோட்டையூரிலும் இருக்க, பணம் கட்டுபவர் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார். ஊரில் இருக்கும் பெரியவர்கள் உட்கார்ந்து பார்த்துச் சரி என்று சொன்னால்தான் விற்பனை முடியும். ஒரு குடும்பத்துக்கு வண்டி விற்பதற்குள் வீடியோ அழைப்பில் எத்தனை பேருக்கு விளக்க வேண்டியிருக்கிறது என்று எங்களைக் கவனித்த பிரதிநிதி சிரித்துக்கொண்டே சொன்னபோது, அந்த உழைப்புக்குக் கூலி எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று கேட்டேன்.

அவர் விளக்கியது இது. மாதச் சம்பளம் ஒன்று உண்டு. அதை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த இயலாது. வண்டி ஒன்றுக்கு இவ்வளவு என்று இன்சென்டிவ் தனியே வரும். அதுவும் ஒரே விகிதத்தில் வருவதில்லை. மாதத்துக்கு இத்தனை வண்டி என்று ஒரு டார்கெட் வைத்திருப்பார்கள். அதைத் தொடாவிட்டால் இன்சென்டிவ் சொற்பம் அல்லது அறவே இல்லை, தொட்டுவிட்டால் ஒரு விகிதம், தாண்டினால் அதைவிடக் கூடுதல் விகிதம். மாதக் கடைசியில் ஒரு வண்டி குறைந்தால், அந்த ஒரு வண்டிக்கான தொகை மட்டுமல்லாமல், அதற்கு முன் விற்றவற்றுக்கான தொகையும் சேர்ந்து குறையும். முப்பதாம் தேதி வாக்கில் பிரதிநிதிகளின் தொலைபேசி அழைப்புகளில் ஒரு பரபரப்பு தெரிவதற்கும், அதுவரை நகராத தள்ளுபடி திடீரென்று நகர்வதற்கும் இதுதான் காரணம். நாம் தேதி பார்த்துப் பேசினால் பயன் உண்டு.

வண்டியோடு இது முடிந்துவிடுவதில்லை. காப்பீட்டை ஷோரூம் வழியாக எடுத்தால் ஒரு தொகை, வங்கிக் கடனை அவர்கள் கைகாட்டும் வங்கியில் வாங்கினால் ஒரு தொகை, எக்ஸ்டெண்டட் வாரண்டி, சீட் கவர் முதலான ஆக்சஸரீஸ், பழைய வண்டியை எக்ஸ்சேஞ்சில் விடுவது என்று ஒவ்வொன்றிலும் டீலருக்கு ஒரு வருவாய் உண்டு. அதிலிருந்து ஒரு சிறு பங்கு பிரதிநிதியின் கணக்குக்கு வரும். புது வண்டி விற்பனையில் மட்டும் டீலருக்கு நிற்கும் லாபம் நாம் நினைப்பதைவிட மெலிது. இந்தப் பக்க வருவாய்களும் சர்வீஸ் வருவாயும்தான் கட்டட வாடகையைக் கட்டுகின்றன. எனவே கொட்டேஷனில் இந்த வரிகள் எல்லாம் நாம் கேட்காமலேயே வந்து உட்கார்ந்திருப்பதில் வியப்பில்லை.

சம்பளத்தோடு லாபத்தில் பங்கு என்ற ஏற்பாடு இந்த ஊர்களுக்குப் புதியதும் அன்று. பர்மாவிலும் மலாயாவிலும் இருந்த நகரத்தார் கடைகளுக்குப் போன மேலாள், அதாவது முதலாளிக்காகக் கடையை நடத்தியவர், மூன்றாண்டுக் கணக்குக்குப் பேசிய சம்பளத்துடன், கணக்கு முடிக்கும்போது லாபத்திலும் ஒரு பங்கு பெற்றார். பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து அடுத்தாள், மேலாள் என்று உயர்ந்தவர்கள் அந்தக் கணக்கில் வளர்ந்தவர்கள்தான். அதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு, மேலாளின் பங்கு மூன்றாண்டின் நன்மை தீமைகளைச் சேர்த்துப் பார்த்து வந்தது, கார் பிரதிநிதியின் பங்கு முப்பது நாளில் முடிந்துவிடுகிறது என்பதுதான். முப்பது நாள் கணக்கு மனிதரை எப்படி ஓட வைக்கும் என்பதை எந்த ஷோரூமிலும் மாதக் கடைசியில் பார்க்கலாம்.

ஆடி மாதம் வேறு இருக்கிறது. நம் பக்கத்தில் ஆடியில் புது வண்டி எடுப்பவர்கள் குறைவு; பிடித்த நிறத்தைப் புக்கிங் செய்துவிட்டு, டெலிவரியை ஆவணிக்குத் தள்ளுவார்கள். பிரதிநிதியின் கணக்கிலோ புக்கிங் எண்ணப்படுவதில்லை. வண்டிக்கு இன்வாய்ஸ் போட்டு வெளியே அனுப்பினால்தான் எண்ணிக்கை ஏறும். ஆங்கில மாதத்தில் ஓடும் டார்கெட் ஆடிக்காக நிற்பதில்லை. ஜூலை பிற்பகுதியும் ஆகஸ்ட் முற்பகுதியும் வறண்டு கிடக்க, ஆவணி முதல் முகூர்த்தத்தில் எல்லா டெலிவரியும் ஒரே நாளில் வந்து விழும். நாள், நட்சத்திரம், ராகு காலம், அஷ்டமி, நவமி பார்க்கும் ஊரில் வேலை செய்பவருக்குச் சென்னைக்காரருக்கு வைக்கும் அதே கணக்கை வைப்பது நியாயமாகப் படவில்லை. ஆனால் ஆடியில் துணிந்து எடுப்பவருக்கு நல்ல விலை கிடைக்கும் என்பதும் உண்மை.

இனி, எங்களைக் கவனித்தவர் செய்த ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். இந்த ஷோரூமுக்கு நான் நல்ல மதிப்பெண் போடுவதற்குப் பெரும் காரணம் அதுதான். நாங்கள் பார்த்த வண்டி நான்கு மீட்டருக்குள் அடங்கும், 1,200 சிசிக்கு மேற்படாத பெட்ரோல் வண்டி; 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீத ஜிஎஸ்டிக்குள் வந்த வகை. அதன் உயர்ந்த மாடலின் எக்ஸ் ஷோரூம் விலை, அதாவது சாலை வரியும் காப்பீடும் சேராத விலை, பத்து லட்சத்தைச் சற்றே தாண்டியிருந்தது, அதற்கு அடுத்தது பத்து லட்சத்துக்குள் நின்றது. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் திருத்திய வாழ்நாள் சாலை வரி, ஐந்து லட்சம் வரை 12 சதவீதம், பத்து லட்சம் வரை 13, இருபது லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. பத்து லட்சத்தைத் தாண்டினால் தாண்டிய தொகைக்கு மட்டும் அல்ல, முழு விலைக்கும் 18 சதவீதம் கட்ட வேண்டும். எடுத்துக்காட்டாக 9,90,000 ரூபாய் வண்டிக்குச் சாலை வரி 1,28,700 ரூபாய். 10,20,000 ரூபாய் வண்டிக்கு 1,83,600 ரூபாய். விலையில் 30,000 ரூபாய் வித்தியாசம், வரியில் 54,900 ரூபாய் வித்தியாசம். இதற்கு மேல், பத்து லட்சத்தைத் தாண்டும் வண்டிக்கு வருமான வரிச் சட்டப்படி ஒரு சதவீதம் டிசிஎஸ் (விற்பவர் முன்கூட்டியே வசூலிக்கும் வருமான வரி) பிடிப்பார்கள்; அது ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது ஈடாகிவிடும் என்றாலும், கையிலிருந்து முதலில் போவது போவதுதான்.

இந்தக் கணக்கை நான் கேட்கவில்லை. அவராகவே தாளில் எழுதிக் காட்டி, கூடுதலாகக் கிடைக்கும் வசதி சன்ரூஃபும் அலாய் சக்கரமும்தான், அதற்கு இவ்வளவு கொடுக்க வேண்டுமா என்று யோசித்துக்கொள்ளுங்கள் என்றார். உயர்ந்த மாடலுக்கு இன்சென்டிவ் சற்றுக் கூடுதல் என்பதை அவரே பிறகு சொன்னார். வாங்குபவரின் பையைக் காக்கும் யோசனையைத் தம் பை மெலிந்தாலும் சொல்பவருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று யாருக்கும் தோன்றும், எனக்கும் தோன்றியது. கேள்வி, அதை ரூபாய் நோட்டாகச் செய்ய வேண்டுமா என்பது.

அதற்குமுன் குறை ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். முதல் கொட்டேஷனில் ‘ஹேண்ட்லிங் சார்ஜ்’ என்று ஒரு வரி இருந்தது. எக்ஸ் ஷோரூம் விலையிலேயே வண்டி ஷோரூம் வாசலுக்கு வந்து சேரும் செலவு அடங்கியிருக்கும்போது, இது எதற்கு என்று கேட்டதும் மேலாளர் வந்து, பொதுவாகப் போடுவது என்றார். எழுத்தில் காரணம் கேட்டபோது அந்த வரி மறைந்துவிட்டது. உயர்பாதுகாப்பு நம்பர் பிளேட்டுக்கென்று தனித் தொகை யாராவது கேட்டாலும் இப்படியே கேட்க வேண்டும். 2019 ஏப்ரல் முதல் வரும் புது வண்டிகளுக்கு அதைத் தயாரிப்பாளரே தர வேண்டும். கேட்காதவரிடம் வாங்கிக்கொண்டு கேட்டவரிடம் விட்டுவிடும் இந்தப் பழக்கத்துக்காக ஒரு நட்சத்திரத்தைக் குறைக்கிறேன்.

காப்பீட்டு விஷயத்தில் இவர்கள் நேர்மையாகவே நடந்துகொண்டார்கள். 2018 செப்டம்பர் முதல் புதுக் காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு மூன்று ஆண்டுக்குச் சேர்த்து எடுக்க வேண்டும். சொந்தச் சேதத்துக்கான காப்பீடு ஓராண்டுக்கு எடுத்தால் போதும். டீலர் வழியாகத்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை, அப்படிக் கட்டாயப்படுத்தவும் கூடாது. வெளியில் வாங்கிய மதிப்பீட்டை அவரிடம் காட்டினேன். முகம் சுளிக்காமல் தம் மேலாளரிடம் பேசி, அதே காப்பீட்டை அதே தொகைக்கு அருகில் கொண்டுவந்தார். சில நூறு ரூபாய் வித்தியாசம் இருந்தும் அவரிடமே எடுத்தோம். அவருக்குக் கணக்கில் ஏறும், இழப்பீடு கோரும் நாளில் ஷோரூம் சர்வீஸில் அலைச்சலும் குறையும். நான் கொடுத்ததாகச் சொல்லக்கூடிய ‘டிப்ஸ்’ அந்தச் சில நூறு ரூபாய்தான், அதற்கும் ரசீது இருக்கிறது.

தள்ளுபடி கேட்கும்போது நினைவில் வைக்க வேண்டிய ஒரு வழக்கு உண்டு. டீலர்கள் குறிப்பிட்ட அளவுக்கு மேல் தள்ளுபடி தரக் கூடாது என்று கட்டுப்படுத்தியதாக இந்தியப் போட்டி ஆணையம் 2021 ஆகஸ்டில் மாருதி சுசுகிக்கு 200 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. நிறுவனம் மேல்முறையீட்டுக்குப் போனது. அந்த ஆணையில் என்னை நிறுத்தியது அபராதத் தொகை அன்று. வாடிக்கையாளர் போல் ஆளனுப்பிச் சோதித்து, மீறியது தெரிந்தால் டீலர் மீது மட்டுமல்லாமல் விற்பனைப் பிரதிநிதி, குழுத் தலைவர், ஷோரூம் மேலாளர் ஆகியோர் மீதும் தனித்தனியே அபராதம் போடுவதாக எச்சரிக்கும் ஏற்பாடு இருந்தது என்று ஆணையம் பதிவு செய்திருந்ததுதான். கூடுதல் தள்ளுபடியைத் தம் விருப்பப்படி பிரதிநிதி தந்துவிட முடியும் என்று எண்ணி, அதற்காகக் கையில் ஏதாவது தருவதாகப் பேசுவோர் இருக்கிறார்கள். அந்த அதிகாரம் அவர் மேசையில் பெரும்பாலும் கிடையாது. மேலாளரின் அறையில் இருக்கிறது.

பணம் எப்போது கொடுக்கப்படுகிறது என்பதைப் பொறுத்து அதன் தன்மை மாறுகிறது. காத்திருப்போர் பட்டியல் நீண்டிருக்கும் மாடலுக்கு, புக்கிங் நேரத்தில், வண்டி சீக்கிரம் கிடைக்கட்டும் என்று கொடுப்பது அன்பளிப்பு ஆகாது. நமக்கு முன் பணம் கட்டியவரின் இடத்தை விலைக்கு வாங்குவது அது. கொடுப்பவரும் வாங்குபவரும் ஒருவரையொருவர் மரியாதைக் குறைவாகவே நினைத்துக்கொள்வார்கள். டெலிவரி முடிந்து, கேட்டதும் பெற்றதும் தீர்ந்த பிறகு கொடுப்பதில் அந்தக் குற்றம் இல்லை, ஆனால் அவசியமும் இல்லை. அமெரிக்காவில் எதற்கெடுத்தாலும் டிப்ஸ் என்று அங்கே இருக்கும் உறவினர்கள் அலுத்துக்கொள்வது உண்டு. அங்கேகூடக் கார் விற்பவருக்கு டிப்ஸ் கொடுக்கும் வழக்கம் இல்லை. காரணம் ஊதிய அமைப்பில் இருக்கிறது. உணவகத்தில் பரிமாறுபவர் போல டிப்ஸ் வாங்கும் தொழிலாளிக்கு மத்தியச் சட்டப்படி முதலாளி கொடுக்க வேண்டிய குறைந்தபட்சக் கூலி 1991 முதல் மணிக்கு 2.13 டாலர்தான், மீதியை வாடிக்கையாளர் நிரப்புவார் என்று சட்டமே கணக்குப் போட்டிருக்கிறது. கார் விற்பவருக்கோ வண்டியின் லாபத்திலிருந்து கமிஷன் வருகிறது. அதாவது அவருக்குரியதை வாங்குபவர் விலையிலேயே கொடுத்துவிடுகிறார். காரைக்குடியிலும் அதே நிலைதான், அளவுதான் வேறு.

இந்த வாதமெல்லாம் அப்பச்சியிடம் செல்லவில்லை. டெலிவரி அன்று, திரை விலக்கிக் கேக் வெட்டும் சடங்குகள் முடிந்ததும் (எழுபது வயதுக்கு மேற்பட்டவரை அட்டைச் சாவியைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்வதை ஷோரூம்கள் எப்போது விடுமோ தெரியவில்லை), வெற்றிலை பாக்கு, பழம் வைத்த தட்டில் நோட்டையும் வைத்து அவரிடம் நீட்டினார். பிரதிநிதி பழத்தையும் வெற்றிலையையும் எடுத்துக்கொண்டு நோட்டைத் தட்டிலேயே விட்டார். “பணம் வாங்கினா மேனேஜர் கேப்பாருங்க ஐயா. கம்பெனியிலேர்ந்து போன் வரும், அப்ப பத்துக்குப் பத்துன்னு மட்டும் சொல்லிடுங்க, அது போதும்” என்றார். அப்பச்சிக்கு அது விளங்கவில்லை, “மார்க்குப் போட நான் என்ன வாத்தியாரா?” என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தார்.

அந்த மதிப்பெண் விளையாட்டு அன்று. டெலிவரிக்குப் பின் தயாரிப்பு நிறுவனம் வாடிக்கையாளரை அழைத்துக் கருத்துக் கேட்கும். அந்த எண் குறைந்தால் இன்சென்டிவிலும் வெட்டு விழும் என்றார் அவர். ஒன்பது என்பது நம் பள்ளிக்கூடக் கணக்கில் நல்ல மதிப்பெண், அவர்கள் கணக்கில் குறை. ஹேண்ட்லிங் சார்ஜ் பற்றிய குறையை அந்த அழைப்பில் சொல்லாமல் ஷோரூம் மேலாளருக்குத் தனியே எழுதினேன், ஏனென்றால் அந்த வரியைப் போட்டவர் பிரதிநிதி அல்லர், வெட்டு விழுவதோ அவர் தலையில். அழைப்பில் பத்துதான் சொன்னேன்.

நோட்டு போக வேண்டிய இடங்கள் ஷோரூமின் பின்பக்கத்தில் இருந்தன. வண்டியை யார்டிலிருந்து கொண்டுவந்து, பாலித்தீன் உறைகளைக் கிழித்து, கழுவித் துடைத்து நிறுத்தும் இளைஞர்களுக்கு இன்சென்டிவும் இல்லை, கருத்துக் கேட்பும் இல்லை, புகைப்படத்திலும் இடம் இல்லை. பிள்ளையார்பட்டிக்கு வண்டியைப் பூசைக்கு எடுத்துச் சென்றபோது, நெரிசலில் நிறுத்த உதவியாக ஷோரூம் டிரைவர் ஒருவர் கூடவே வந்து, எலுமிச்சம்பழம் ஏற்றி, தேங்காய் உடைக்கும் வரை நின்றார். அவர்களுக்குக் கொடுத்ததில் யாருடைய விதியும் மீறப்படவில்லை. அப்பச்சிக்கும் தட்டில் மிஞ்சிய நோட்டை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோகும் சங்கடம் இல்லாமற்போனது.

பிரதிநிதிக்கு நன்றி காட்ட விரும்புபவர் செய்யக்கூடியது வேறு. வண்டி தேடும் உறவினர்களிடம் அவர் எண்ணைக் கொடுக்கலாம். நமக்கு உண்மையிலேயே தேவையான காப்பீட்டையோ வாரண்டியையோ, விலை பொருந்தினால் அவர் வழியாக எடுக்கலாம். நாள் பார்ப்பதில் இடமிருந்தால், மாதம் முடிவதற்குள் டெலிவரி எடுத்துக்கொள்ளலாம். எங்களுக்கு முகூர்த்தம் இருபத்தெட்டாம் தேதியே அமைந்தது அவருக்கு மிகவும் மகிழ்ச்சி. தேவகோட்டையில் இருக்கும் என் ஆச்சி, அதாவது மூத்த அக்காள், இப்போது அவரிடம்தான் பேசிக்கொண்டிருக்கிறார். ஆச்சியின் பேரத்தை அவர் எப்படித் தாங்கப்போகிறார் என்பது தெரியவில்லை.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் தருகிறேன். சனி, ஞாயிறு காலைகளில் டெலிவரிக் கூட்டம் மிகுதி என்பதால், நிதானமாகப் பேச விரும்புகிறவர்கள் வேலைநாள் பிற்பகலில் போகலாம். கொட்டேஷனை வரி வரியாகப் பிரித்து எழுதி, முத்திரையுடன் வாங்கிக்கொண்ட பிறகே முன்பணம் கட்ட வேண்டும். ஆர்.சி. புத்தகம் சொன்ன நாளுக்குள் வந்து சேர்ந்தது. சீட் கவர் மட்டும் தைத்து வர ஒரு வாரம் கூடுதலாகப் பிடித்தது.